சாப்பாட்டு மேஜையில் ஓடிய ஐஸ் ஃபாக்டரி

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கி அதிக நாள் ஆகவில்லை. அரசலாற்றங்கரையில் இருந்த ஒரு சின்னப் பெண்கள் பள்ளியில் நான் விஞ்ஞான டீச்சராக இருந்தேன். புதிதாகக் கல்யாணம் ஆனவள். என் வீட்டுக்காரர் பிரான்சில் இன்ஜினீயரிங் படித்து, அங்கேயே ஆலைகளுக்கு பிளான் போடும் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊருக்குத் திரும்பி வந்தவர். வந்த பிறகு அவர் படிப்புக்குத் தகுந்த வேலை ஒன்றும் அமையவில்லை. சும்மா இருப்பது அவரை வாட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஊரில் ஒரு முதலாளி ஐஸ் ஃபாக்டரி கட்ட ஆரம்பித்தார். கிளிஞ்சல்மேட்டிலும் மற்ற மீனவக் குப்பங்களிலும் கரைக்கு வரும் மீன் கெடாமல் வெளியூர் போக ஐஸ் வேண்டும். வெளியூரிலிருந்து மரத்தூளில் புதைத்துக் கொண்டுவருவதில் பாதி வழியிலேயே கரைந்துவிடும். முதலாளி இவரைக் கூப்பிட்டு, "தம்பி, பிளான் போட்டுக் கொடுங்க. இந்த ஊருக்கு முதல் ஐஸ் ஃபாக்டரி நம்மளோடதா இருக்கணும்" என்றார். எங்கள் பள்ளிக்குக் கிழக்கே, அடுத்த மனையிலேயே இடம். நடுவில் ஒரே ஒரு மதில்தான்.

ஐஸ் எப்படிச் செய்வார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அமோனியா என்று ஒரு வாயு. கொஞ்சம் மூக்கில் பட்டாலே கண்ணில் தண்ணீர் கொட்டும். நிறைய உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. டீசல் இன்ஜின் ஒன்று அந்த வாயுவை அழுத்திக் குழாய்களுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். அழுத்த அழுத்த அது சூடாகும். அந்தச் சூட்டை ஆற்ற, குழாய்களின் மேல் ஓயாமல் ஆற்றுத் தண்ணீர் கொட்ட வேண்டும். தண்ணீர் நின்று இன்ஜின் மட்டும் ஓடினால் உள்ளே அழுத்தம் ஏறிவிடும். குழாய் வெடித்துவிடாமல் இருக்க, ஒரு அளவுக்கு மேல் போனால் தானாகத் திறந்து வாயுவை வெளியே விட ஒரு வால்வு வைத்திருப்பார்கள்.

தண்ணீர் இறைக்கும் பம்பு ஆற்றோரம் இருந்தது. அதற்கு ஊர் கரண்டில் ஓடும் மோட்டார். முதலாளி அதை முன்னாடியே வாங்கிப் போட்டுவிட்டார். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

இவர் வேலை பார்த்த பிரான்ஸ் கம்பெனியில் அலமாரி அலமாரியாக ஒரு மின்சாரக் கணக்கு இயந்திரம் இருந்ததாம். ஆலையைக் கட்டுவதற்கு முன்னால் அதன் நடத்தையை அந்த இயந்திரத்துக்குள் ஓட விட்டுப் பார்ப்பார்களாம். எங்கே சூடு ஏறும், எங்கே அடைக்கும், எது உடையும் என்று செங்கல் வைக்கும் முன்பே தெரிந்துவிடும். இன்றைக்கு என் மகன் வேலை பார்க்கும் இடத்தில் இதையே கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். சிமுலேஷன் என்கிறான். அந்தப் பேரெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் 'பெட்டி' என்போம்.

அந்தப் பெட்டியை எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் செய்தோம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஊரில் ரேடியோவுக்குப் பஞ்சமே இல்லை. ரிப்பேர் கடைகளில் பழைய சாமான் குவிந்து கிடக்கும். அவர் பொறுக்கிக்கொண்டு வருவார், நான் பற்றவைப்பேன். யோசனை ரொம்ப எளிமையானதுதான். வாயுவுக்குப் பதிலாக மின்சாரம் ஓடும். வாயு சேரும் தொட்டிக்குப் பதிலாக மின்சாரம் சேரும் கண்டென்சர். ஒடுக்கமான குழாய்க்குப் பதிலாக மின்சாரத்தைத் தடுக்கும் கம்பிச் சுருள். மேலே இரண்டு குமிழ்கள். ஒன்று இன்ஜின், இன்னொன்று தண்ணீர். அழுத்தம் எவ்வளவு என்று காட்ட ஒரு ஊசி. ஆலையில் வெகுநேரம் எடுத்து நடப்பது பெட்டியில் சட்டென்று நடந்து முடிந்துவிடும். சாப்பிடக்கூட இடமில்லாமல் தரையில் இலை போட்டுக்கொண்டு, நாங்கள் இருவரும் மேலே அந்த ஃபாக்டரியை ஓட்டிக்கொண்டிருந்தோம். அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ஒருநாள், ஆலை அப்போதுதான் ஓட ஆரம்பித்தது போல் வைத்துத் தண்ணீர்க் குமிழை அணைத்துப் பார்த்தோம். ஊசி மெதுவாக ஏறியது. இன்ஜினை ஓட்டும் டிரைவர் பார்த்து அதை நிறுத்த நிறைய அவகாசம் இருந்தது. "பார்த்தியா, பயமில்லை" என்றார். நான் சும்மா இருக்காமல், "ரொம்ப நேரம் ஓடிச் சூடேறின பிறகு தண்ணி நின்னா?" என்று கேட்டேன். அப்படி வைத்துத் திரும்பவும் அணைத்தோம். இந்தத் தடவை ஊசி எழுந்து பாய்ந்தது. டிரைவர் ஒரு பீடி பிடித்து முடிக்கும் நேரம்கூட இல்லை, வால்வு திறக்கும் கோட்டைத் தாண்டிவிட்டது. அவர் மறுபடி வைத்து அணைத்தார். மறுபடியும் அதேதான்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. இன்ஜின் ஓடும் இரைச்சலில், ஆற்றோரம் பம்பு நின்றது உள்ளே இருப்பவனுக்குக் கேட்காது. பகலில் விளக்கும் எரியாது. கரண்ட் போனதே அவனுக்குத் தெரியாது.

"வால்வோட குழாய் எங்கே முடியுது?" என்று கேட்டேன். அவர் பிளானில் விரல் வைத்துக் காட்டினார். மேற்கு மதிலுக்கு மேலே. அதற்கு அந்தப் பக்கம் எங்கள் பள்ளி.

அவர் உடனே பிளானை மாற்றினார். பம்பை அந்த இன்ஜினோடே பெல்ட் போட்டு இணைத்துவிட வேண்டும். ஒன்று நின்றால் இரண்டும் நிற்கும். வால்வின் குழாயை நீட்டி ஆற்றுத் தண்ணீருக்குள் விட வேண்டும். அமோனியா தண்ணீரில் கரைந்துவிடும். முதலாளி மறுக்கவில்லை. ஆனால் சாமான் மெட்ராசிலிருந்து வர வேண்டும், திறப்பு விழாவுக்கோ நாள் குறித்தாகிவிட்டது, பாண்டிச்சேரியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். "விழா முடியட்டும் தம்பி. குழாய் வந்ததும் முதல் வேலை அதுதான்" என்றார். இவரும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம்தான் எங்களுக்குள் முதல் பெரிய சண்டை. விழா அன்று காலையில் கொஞ்ச நேரம் ஓட்டிக் காட்டிவிட்டு நிறுத்திவிடப் போகிறார்கள், காலையில் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்துத்தான் அடிக்கும், பள்ளிப் பக்கம் வராது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் விடவில்லை. கடைசியில் குரலை உயர்த்தி, "பெட்டி சொல்றதை நம்புறியா, நான் சொல்றதை நம்புறியா?" என்றார்.

"பெட்டியைச் செஞ்சதே நீங்கதானே" என்றேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

விழா நாள் வந்தது. காலையில் வகுப்பில் இருக்கும்போதே மதிலுக்கு அந்தப் பக்கம் இன்ஜின் அடிக்கும் சத்தம் கேட்டது. ஒரே தாளமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. இதோ நிறுத்திவிடுவார்கள், இதோ நிறுத்திவிடுவார்கள் என்று காதை அங்கேயே வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். நிற்கவில்லை. பாண்டிச்சேரி மனிதர்கள் வர நேரமாகிறதாம். அவர்கள் வரும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஐஸ் கட்டி விழுவதைக் காட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை.

மத்தியானம் இவர் சாப்பிட வரவில்லை. நானும் சாப்பிடவில்லை. பள்ளிக்குத் திரும்பும்போது தென்னை மட்டைகள் எல்லாம் மேற்கே சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. கடற்காற்று வந்துவிட்டது. இனி எது கிளம்பினாலும் எங்கள் பள்ளி மேல்தான்.

நேரே தலைமையாசிரியையிடம் போனேன். கண்டிப்பான மனுஷி. நெடுங்காட்டுப் பக்கம். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பள்ளியே கதி என்று இருந்தவர். எல்லாவற்றையும் சொல்லி, மத்தியானம் லீவு விடச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரரே உள்ளே நிக்கிறாரு. அவருக்கு இல்லாத பயம் உங்களுக்கு ஏன்? சாப்பாட்டு மேஜையிலே ஒரு பெட்டி சொல்லுச்சுன்னு நான் கொம்யூன் ஆபீசுக்கு என்னன்னு எழுதுறது?" என்றார். கடைசியில், என் வகுப்பை மட்டும் செடி கொடி பார்க்க ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போகிறேன் என்று கேட்டேன். அதற்கு மட்டும் விட்டார்.

ஃபாக்டரியைத் தாண்டிக் கிழக்கே, காற்று வரும் திசையில் இருந்த ஒரு தோப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனேன். இலையைப் பறித்து நரம்பு காட்டினேன். வாய் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. மனசு முழுக்க மற்ற வகுப்புப் பிள்ளைகள். என் பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு வந்தது சரியா? இல்லை, எல்லாமே என் வீண் பயமா?

நேரம் போனது. ஒன்றுமே நடக்கவில்லை. வானம் மூடிக்கொண்டு வெயில் தணிந்தது. கடலிலிருந்து ஏற்றம் வந்து ஆற்றில் குளிர்ந்த தண்ணீர் ஏறியிருந்தது. பெட்டிக்கு மேகமும் தெரியாது, ஏற்றமும் தெரியாது. சூடு அவ்வளவு ஏறாமல் பெட்டிக் கணக்கு இந்நேரம் தப்பியிருக்கும் என்று நினைத்தேன். பள்ளியிலிருந்து ஆயா வந்தார். "பெரிய டீச்சர் கூப்பிடுறாங்க, போதுமாம், வரச் சொன்னாங்க" என்றார். பிள்ளைகளுக்கும் அலுத்துப் போயிருந்தது. எனக்கோ வெட்கம். நாளைக்கு டீச்சர்கள் எல்லாரும் சிரிப்பார்கள். சரி, கிளம்புங்க என்று வரிசையாக நிறுத்தி நடக்க ஆரம்பித்தோம்.

ஃபாக்டரிக்குக் கிழக்கே, தெரு முனையில் ஒரு மாவு மில். ஊர் கரண்டில் ஓடுவது. அதன் கிர்ரென்ற சத்தம் தோப்பு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் அதை நெருங்கும்போது அந்தச் சத்தம் இறங்கி, இழுத்து, நின்றுபோனது. மில்காரர் வெளியே வந்து, "கரண்ட் போச்சு, இரும்மா" என்று மாவரைக்க வந்த ஒரு அம்மாவிடம் சொன்னார்.

அப்போது எனக்கு மற்றச் சத்தம் மட்டும் கேட்டது. ஃபாக்டரியின் டீசல் இன்ஜின். கொஞ்சமும் குறையாமல் அடித்துக்கொண்டிருந்தது.

மேஜையில் நான் என் கையாலேயே எத்தனை தடவை அணைத்த குமிழ் அது! ஆயாவின் கையைப் பிடித்து, "இங்கேயே உட்கார வைங்க. நான் வர்ற வரைக்கும் ஒருத்தியும் எழுந்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடினேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுத்தெருவில் ஒரு டீச்சர் ஓடுவதை ஊரே பார்த்தது.

வழியில்தான் ஃபாக்டரி வாசல். வாழைமரம் கட்டி, தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே என் வீட்டுக்காரர். ஒரு கணம் கால் நின்றது. உள்ளே ஓடி அவரிடம் சொல்லவா, பள்ளிக்கு ஓடவா? உள்ளே போனால் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்குள் வால்வு திறந்துவிட்டால், மதிலுக்கு அந்தப் பக்கம் எச்சரிக்க யாரும் இல்லை. காவல்காரரைப் பார்த்து, "கரண்ட் போச்சு! இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்க, ஓடுங்க!" என்று கத்தினேன். அவர் எழுந்தாரா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளிக்குள் நுழைந்ததும் மணியின் கயிற்றைப் பிடித்து விடாமல் அடித்தேன். நீண்ட மணி என்றால் வீட்டுக்குப் போகும் மணி. பிள்ளைகளிடம் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, பையைத் தூக்கிக்கொண்டு ஹோவென்று வெளியே வந்துவிட்டார்கள். "ஆத்துப் படித்துறைக்கு ஓடுங்க! வடக்கே ஓடுங்க!" என்று கத்தினேன். தலைமையாசிரியை கோபத்தில் முகம் சிவந்து என்னை நோக்கி வந்தார். என்னவோ கேட்க வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார். திரும்பிப் பிள்ளைகளை விரட்ட ஆரம்பித்தார்.

கடைசிப் பிள்ளைகள் படித்துறைக்கு இறங்கும்போது அந்தச் சத்தம் வந்தது. ரயில் இன்ஜின் ஆவி விடுவது போல, ஆனால் நிற்காமல். மதிலுக்கு மேலே வெள்ளையாகப் புகை கிளம்பி, ஈரக் காற்றில் எழும்ப முடியாமல் கவிழ்ந்து, எங்கள் பள்ளி முற்றத்தில் இறங்கியது. பக்கத்தில் நின்ற எங்களுக்கே கண் எரிந்தது, தொண்டை கமறியது. தாவணி, பாவாடை நுனி, கிடைத்ததையெல்லாம் ஆற்றில் நனைத்து மூக்கை மூடச் சொன்னேன். இன்ஜின் சத்தம் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

அப்போது ஒரு பெண் அழுதுகொண்டே, "டீச்சர், என் தங்கச்சியைக் காணும்" என்றாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. மத்தியானத்தில் பெஞ்சுக்கு அடியில் சுருண்டு தூங்கும் பழக்கம் அதற்கு. மணிச் சத்தத்தில்கூட எழுந்திருக்கவில்லை போலிருக்கிறது. நான் படியேறப் போனேன். என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, முந்தானையைத் தண்ணீரில் முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டு, தலைமையாசிரியை அந்த வெள்ளைக்குள் போனார்.

நான் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கம் அவர் போன இடம் தெரியவில்லை. இன்னொரு பக்கம் என் புருஷன் இருக்கும் இடத்திலிருந்து வரும் இரைச்சல். எந்தப் பக்கமும் நகர முடியாது. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. எல்லாரையும் கூப்பிட்டிருப்பேன்.

திடீரென்று இன்ஜின் நின்றது. ஊரே நின்றது போல இருந்தது. வால்வின் இரைச்சல் மெல்லத் தணிந்தது. பள்ளி வாசலில் தலைமையாசிரியை தெரிந்தார். இருமி இருமிக் குனிந்து, இடுப்பில் அந்தப் பிள்ளையை இடுக்கிக்கொண்டு வந்தார். பிள்ளையின் தலை முழுக்கத் தன் ஈரச் சேலையைச் சுற்றியிருந்தார். அது தூக்கக் கலக்கத்தில் சிணுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சிணுங்கலைக் கேட்டபோதுதான் நான் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் ஃபாக்டரிப் பக்கமிருந்து காவல்காரர் ஒருவரைக் கைத்தாங்கலாகப் படித்துறைக்குக் கூட்டி வந்தார். என் வீட்டுக்காரர். கண்கள் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. காவல்காரர் தேடிப் பிடித்துச் சொன்னபோது இவர் உள் முற்றத்துப் பந்தலில் நின்றிருக்கிறார். இன்ஜின் அறைக்குள் ஓடியிருக்கிறார். அதற்குள் வால்வு திறந்துவிட்டது. உள்ளே ஒரு மூட்டிலும் வாயு கசிய ஆரம்பித்திருக்கிறது. டிரைவர் கண் தெரியாமல் தடுமாற, இவர் தவழ்ந்து போய் டீசலை அடைத்து இன்ஜினை நிறுத்தியிருக்கிறார். தண்ணீரை வாரி வாரி அவர் முகத்தில் அடித்தேன். என் கையை அடையாளம் கண்டுகொண்டு அவர் கேட்ட முதல் வார்த்தை, "பிள்ளைங்க?"

"எல்லாரும் இருக்காங்க. ஒருத்தர் விடாம இருக்காங்க" என்றேன்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "பார்த்துட்டு, பார்க்காதவன் மாதிரி இருந்துட்டேன்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தையும் குத்திப் பேசிக்கொண்டதில்லை.

கண்ணில் கட்டுப்போட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். கட்டைப் பிரிக்கும் நாள் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, பார்வை போகவில்லை. முதலாளி தினமும் வந்து கட்டில் பக்கம் நின்றார். குழாய் ஆற்றுக்குள் போகாமல், பம்பை இன்ஜினோடு இணைக்காமல் ஒரு நிமிஷம்கூட ஓடக்கூடாது என்றார் இவர். முதலாளி மறுபேச்சு பேசவில்லை. அதோடு, எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். தண்ணீர்க் குமிழைத் தானே அணைத்து, ஊசி பாய்வதைப் பார்த்தார். பிறகு அவர் எந்தக் கட்டடம் கட்டினாலும் முதலில் எங்கள் மேஜைக்கு வந்துவிட்டுத்தான் கொத்தனாரைக் கூப்பிட்டார்.

தலைமையாசிரியை இரண்டு வாரம் இருமிக்கொண்டே இருந்தார். நான் பார்க்கப் போனபோது, "பெட்டியை நான் இப்பவும் நம்பலை. அன்னைக்கு நீங்க மணியடிச்சப்ப உங்க மூஞ்சியைப் பார்த்தேன். அதை நம்பினேன்" என்றார்.

அன்று பள்ளியில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் வளர்ந்து, கல்யாணமாகி எங்கெங்கோ இருக்கிறார்கள். எப்போதாவது கடைத்தெருவில் யாராவது ஒருத்தி என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓடி வருவாள். அந்த நாளைப் பற்றிக் கேட்டால், "ஆமா டீச்சர், திடீர்னு லீவு விட்டுட்டீங்க, எல்லாரும் ஆத்துல தாவணியை நனைச்சு விளையாடினோமே!" என்று சிரிப்பாள். நான் திருத்துவதில்லை. ஒரு பெரிய ஆபத்து குழந்தைகள் மனசில் வெறும் லீவு நாளாக மட்டும் தங்கியிருக்கிறது என்றால், அவர்களுக்காக வேறு யாரோ முன்னாலேயே பயந்து முடித்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். பெரியவர்களாக இருப்பதில் அதைவிட முக்கியமான வேலை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.